மாற்றினாலும் திரும்பி வரும் செட்டிங்ஸ்: எங்கள் வீட்டு ரெட்ரோ கேம் பெட்டியில் மூன்று வாரம்

வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்றை வைத்து, அதில் ரெட்ரோபை என்ற, பழைய கேம்களை ஓட்டும் மென்பொருள் தொகுப்பைப் போட்டு, பழைய கேட்ரிட்ஜ்களில் இருந்து எடுத்து வைத்த கேம்களை நானும் மகளும் ஆடுவோம். ஒரு நாள் சூப்பர் நின்டெண்டோ கேம் ஒன்றை ஆடிக்கொண்டிருந்தவள், "அப்பா, இந்த நிலா ஏன் முட்டை மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். எட்டிப் பார்த்தால், படம் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுபட்டுக் கிடந்தது. அந்தக் கேம்கள் 256க்கு 224 புள்ளிகளில், பழைய 4:3 டிவிக்காக வரையப்பட்டவை. 1920க்கு 1080 திரையில் 4:3 என்றால் படம் 1440 புள்ளி அகலம்தான் வர வேண்டும், இருபக்கமும் 240 புள்ளி கறுப்பாக இருக்க வேண்டும். இங்கே கறுப்பே இல்லை.

சின்ன வேலைதானே என்று நினைத்தேன். ஆட்டத்துக்கு நடுவே செலக்ட்டையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி, ரெட்ரோபைக்குள் கேமை ஓட்டும் நிரலான ரெட்ரோஆர்க்கின் மெனுவைத் திறந்து, வீடியோ பகுதியில் ஆஸ்பெக்ட் ரேஷியோவை 4:3 ஆக்கினேன். நிலா உடனே வட்டமானது. வெளியே வந்து மறுபடி அதே கேமைத் திறந்தால் மறுபடி முட்டை. இதையே நாலைந்து தடவை செய்தேன், ஒவ்வொரு தடவையும் அதே கதை. அப்புறம் மெனுவிலேயே "இப்போதைய கான்ஃபிகரேஷனைச் சேமி" என்று இருந்ததை அழுத்தினேன், வெளியேறும்போது தானாகச் சேமிக்கும் வசதியையும் ஆன் செய்தேன். ரெட்ரோபையில் அந்த வசதி ஆஃப் செய்யப்பட்டுத்தான் வருகிறது, அதற்குக் காரணம் இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. இதில் பிரச்சினை தீரவில்லை, கூடுதலாக இன்னொரு சிக்கல் வந்து சேர்ந்தது. ஏழெட்டு வரி மட்டுமே இருந்த சூப்பர் நின்டெண்டோ செட்டிங்ஸ் ஃபைலுக்குள் நூற்றுக்கணக்கான வரிகள் கொட்டப்பட்டுவிட்டன. எது நான் வேண்டுமென்று மாற்றியது, எது வெறும் இயல்பு மதிப்பு என்று பிரித்துப் பார்க்கவே முடியவில்லை.

இரண்டாவது வாரம், பொறுமை போய், மெமரி கார்டையே அழித்துப் புதிதாக ரெட்ரோபை எழுதினேன். கேம் ஃபோல்டரை மட்டும் முன்பே பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தேன், அதைத் திரும்பப் போட்டேன். புத்தம்புது சிஸ்டம், ஒரு செட்டிங்கையும் தொடவில்லை. கேமைத் திறந்தேன். நிலா முட்டையாகவே இருந்தது.

அந்த நிமிஷம் எனக்கு எரிச்சலைவிட ஆர்வம்தான் அதிகமாக வந்தது. எல்லாவற்றையும் அழித்த பிறகும் ஒரு செட்டிங் திரும்பி வருகிறது என்றால், நான் அழிக்காமல் கூடவே தூக்கிக்கொண்டு வந்த ஒன்றுக்குள்தான் அது இருக்க வேண்டும். நான் கொண்டுவந்தது கேம் ஃபோல்டர் ஒன்றுதான். வேறொரு கம்ப்யூட்டரில் இருந்து எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) மூலம் உள்ளே போய், கிரெப் கட்டளையால் "ஆஸ்பெக்ட்" என்ற சொல் எந்தெந்த ஃபைலில் வருகிறது என்று செட்டிங்ஸ் ஃபோல்டர், கேம் ஃபோல்டர் இரண்டிலும் தேடினேன். சில நொடிகளில் விடை வந்துவிட்டது. கேம் ஃபைலுக்கு என்ன பெயரோ அதே பெயரில், கடைசியில் சிஎஃப்ஜி என்று முடியும் குட்டி ஃபைல்கள் கேம்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தன. பல மாதங்களுக்கு முன்னால் ஓவர்லே தொகுப்பு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன், பழைய டிவியில் விழும் கோடுகளைப் போலவோ, ஓரச் சட்டகம் போலவோ திரைமேல் ஒரு படத்தைப் போர்த்தும் விஷயம் அது. பிடிக்கவில்லை என்று படங்களை நீக்கியிருந்தேன். அது ஒவ்வொரு கேமுக்கும் போட்டுவிட்டுப் போன குட்டி ஃபைல் அப்படியே இருந்திருக்கிறது, அதற்குள் 16:9 என்ற ஒரு வரியும் இருந்திருக்கிறது. ரெட்ரோபை ஒரு கேமைத் தொடங்கும்போது, பக்கத்தில் இப்படிப் பெயர் பொருந்தும் ஃபைல் இருந்தால் அதையும் கடைசியில் சேர்த்து வாசிக்கும். அந்த வசதி அதற்காகவே இருப்பது, தப்பே இல்லை.

இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான்: செட்டிங் "ஒட்டிக்கொண்டது" போலத் தெரிந்தால், பெரும்பாலும் அது சேமிக்கப்படாமல் போகவில்லை. நீங்கள் சேமித்தது ஒழுங்காக இருக்கிறது, அதற்கு அப்புறம் பேசும் வேறொரு ஃபைல் அதை மாற்றிவிடுகிறது. அந்த ஃபைல் எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை, மெனுவில் மறுபடி மறுபடி மாற்றுவது இல்லை.

ரெட்ரோபையில் ரெட்ரோஆர்க் எப்படி வாசிக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்த பிறகு பாதிச் சிக்கல் தன்னால் அவிழ்ந்துவிடும். எல்லா சிஸ்டங்களுக்கும் (சூப்பர் நின்டெண்டோ போன்ற ஒவ்வொரு கேம் கருவியும் ஒரு சிஸ்டம்) பொதுவான ஒரு ரெட்ரோஆர்க் சிஎஃப்ஜி ஃபைல் உண்டு, கான்ஃபிக்ஸ் ஃபோல்டருக்குள் "ஆல்" என்ற ஃபோல்டரில் இருக்கும். ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனியாக அதே பெயரில் ஒரு ஃபைல் உண்டு, அதன் கடைசியில் ஹாஷ் குறியோடு தொடங்கும் "இன்க்ளூட்" வரி ஒன்று இருக்கும், பொது ஃபைலை அங்கே இழுத்துக்கொள்ளச் சொல்லும் வரி அது. பார்க்க கமென்ட் மாதிரி இருக்கும், ஆனால் அது கட்டளை, அழித்துவிடாதீர்கள். இங்கே ஒரு நுணுக்கம். ஒரே செட்டிங் இரண்டு முறை வந்தால், முதலில் வந்ததைத்தான் ரெட்ரோஆர்க் எடுத்துக்கொள்ளும். அதனால் அந்த சிஸ்டத்துக்கென்று நீங்கள் எழுதுவது இன்க்ளூட் வரிக்கு மேலே இருக்க வேண்டும். கீழே எழுதினால், பொது ஃபைலில் அதே செட்டிங் இருக்கும்வரை, உங்கள் வரி வீண். நான் முதல் வாரம் முழுக்கக் கீழேதான் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஆனால் கேமுக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி ஃபைல், அப்புறம் ரெட்ரோஆர்க் மெனுவில் சேமிக்கும் ஓவர்ரைடு ஃபைல்கள் (மற்ற செட்டிங்கை மீறுவதற்கென்றே இருப்பவை), இவையெல்லாம் நேர்மாறு. பிறகு வாசிக்கப்படுவது முன்னதை மாற்றிவிடும். ஒரு ஃபைலுக்குள் முதல் வரி ஜெயிக்கும், ஃபைல்களுக்கு இடையில் கடைசி ஃபைல் ஜெயிக்கும். இந்த இரண்டையும் கலந்துகொண்டதால்தான் நான் இத்தனை நாள் சுற்றினேன். ஓவர்ரைடிலும் மூன்று நிலை உண்டு: கோருக்கு (ரெட்ரோஆர்க்குக்குள் ஒரு சிஸ்டத்தைப் போல நடிக்கும் எமுலேட்டர்) ஒன்று, கேம் இருக்கும் ஃபோல்டருக்கு ஒன்று, ஒரு குறிப்பிட்ட கேமுக்கு ஒன்று. எது குறுகலானதோ அதன் சொல்தான் செல்லும். ஓவர்ரைடு வாசிக்கப்பட்டால் ஆட்டம் தொடங்கும்போது திரையின் ஓரத்தில் அதைச் சொல்லும் ஒரு வரி மின்னி மறையும். பலர் அதைக் கவனிப்பதே இல்லை, அது மிகப் பெரிய துப்பு.

எந்த ஃபைல் வாசிக்கப்படுகிறது என்று சந்தேகம் இருந்தால் ஒரு எளிய சோதனை செய்கிறேன். கண்ணுக்குப் பட்டென்று தெரியும் ஒன்றை, உதாரணமாக நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்று திரையில் காட்டும் செட்டிங்கை, சந்தேகப்படும் ஃபைலில் ஆன் செய்து கேமைத் திறக்கிறேன். எண் தெரிந்தால் அந்த ஃபைல் வாசிக்கப்படுகிறது, பிரச்சினை அதற்குப் பிறகு. தெரியாவிட்டால் ஒன்று அந்த ஃபைல் வாசிக்கப்படவே இல்லை, அல்லது அந்த வரியையும் வேறொன்று மாற்றுகிறது. இன்னும் துல்லியமாக வேண்டும் என்றால், கேம் ஏறும்போது வரும் சாம்பல் பெட்டியில் ஒரு பட்டனை அழுத்தினால் ரன்கமாண்ட் மெனு வரும், அதில் விரிவான லாகோடு (நடந்ததையெல்லாம் பதியும் குறிப்பு) தொடங்கும் தேர்வு இருக்கிறது. ஆட்டத்தை மூடிய பிறகு ரன்கமாண்ட் லாக் ஃபைலைத் திறந்தால் எந்தெந்த ஃபைல்கள் வாசிக்கப்பட்டன என்று பார்க்கலாம். அந்த லாக் ராம் என்ற தற்காலிக நினைவகத்தில் இருக்கிறது, ரீபூட் செய்தால் போய்விடும், அதனால் உடனே படிக்க வேண்டும்.

படம் சரியான கொஞ்ச நாளில் அடுத்தது வந்தது. ஒரே ஒரு கேமில் மட்டும் குதிக்கும் பட்டனும் அடிக்கும் பட்டனும் இடம் மாறியிருந்தன. எமுலேஷன்ஸ்டேஷனில் (ரெட்ரோபையில் கேம் பட்டியலைக் காட்டும் முகப்பு) கன்ட்ரோலரை முதலிலிருந்து மறுபடி அமைத்தேன், இரண்டு தடவை. மற்ற எல்லாக் கேமிலும் சரி, இதில் மட்டும் மாறவில்லை. இந்த முறை நான் அலையவில்லை. ஒரு கேமில் மட்டும் வருகிறது என்றால் அந்தக் கேமுக்கென்று ஒரு ஃபைல் இருக்கிறது. இருந்தது. மகள் ஒரு நாள் ரெட்ரோஆர்க்கின் விரைவு மெனுவில் கன்ட்ரோல்ஸ் பகுதிக்குள் போய்ப் பட்டன்களை மாற்றி, அந்தக் கேமுக்கான ரீமேப் (பட்டன் மாற்றம்) ஆகச் சேமித்திருந்தாள். ரீமேப் தனி ஃபைல், ஆர்எம்பி என்று முடியும், சிஎஃப்ஜி ஃபைல்களில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. கன்ட்ரோலரை எமுலேஷன்ஸ்டேஷனில் எத்தனை முறை அமைத்தாலும் இதைத் தொடாது, ரீமேப் அதற்கு மேல் ஒரு படியில் வேலை செய்கிறது. அதுவும் கோர் வாரியாகச் சேமிக்கப்படுவதால், வேறு கோரில் அதே கேமைத் திறந்தால் பட்டன்கள் சரியாக இருந்தன, பழைய கோருக்குத் திரும்பினால் தலைகீழ். கோரில்தான் கோளாறு என்று யாரும் நினைத்துவிடக்கூடிய இடம் இது. அதே மெனுவில் ரீமேப் ஃபைலை நீக்கியதும் தீர்ந்தது. அவளிடம் கேட்டபோது, "எனக்கு அப்படித்தான் கை வசதியா இருந்துச்சுப்பா" என்றாள். அது நியாயம்தானே, அவளுக்கு இன்னொரு கன்ட்ரோலர் அமைப்பை எப்படி வைப்பது என்று சேர்ந்து பார்த்தோம்.

ஷேடர் (படத்தின் தோற்றத்தை மாற்றும் வடிகட்டி), கோர் ஆப்ஷன் இரண்டும் இதே ரகம். ஷேடரைக் கோருக்கோ கேமுக்கோ என்று சேமித்தால் அது தனி ப்ரீசெட் ஃபைல், அதை நீக்கும் தேர்வும் ஷேடர் மெனுவிலேயே இருக்கிறது. கோர் ஆப்ஷன்கள் பொதுவாக ஒரு ஃபைலிலும், கேமுக்கென்று சேமித்தால் ஓபிடி என்று முடியும் தனி ஃபைலிலும் இருக்கும். சில கோர் ஆப்ஷன்கள் ஆட்டத்தை மூடித் திறந்தால்தான் வேலை செய்யும், மாற்றியவுடன் ஒன்றும் நடக்கவில்லை என்று அவசரப்பட்டு வேறு பத்தை மாற்றிவிட வேண்டாம்.

உண்மையாகவே சேமிக்கப்படாமல் போகும் நேரமும் உண்டு, அதன் அறிகுறி வேறு மாதிரி இருக்கும். ஒரு கேம் இல்லை, எல்லாக் கேமிலும், எல்லா மாற்றமும் மறையும். எனக்கு இது ஒரு முறை நடந்தது, காரணம் நான்தான்: ஒரு ஃபைலைத் திருத்த சூடோ (நிர்வாகி அதிகாரத்தில் இயக்கும் கட்டளை) போட்டு ரெட்ரோஆர்க்கையே இயக்கிப் பார்த்திருக்கிறேன், அப்போது உருவான ஃபைல்களுக்கு ரூட் என்ற நிர்வாகிக் கணக்கு உரிமையாளர் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு சாதாரணப் பயனராக ஓடும் எமுலேட்டரால் அவற்றில் எழுத முடியவில்லை, பல இடங்களில் அது சத்தமே போடாமல் விட்டுவிடும். எல்எஸ் கட்டளையை விரிவான பட்டியலாகப் போட்டால் ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில் உரிமையாளர் பெயர் தெரியும், ரூட் என்று இருந்தால் உங்கள் பயனருக்கு மாற்றிவிடுங்கள். அதோடு கார்டில் இடம் இருக்கிறதா என்று டிஎஃப் கட்டளையால் பாருங்கள். கார்டு பழுதாகத் தொடங்கினால் லினக்ஸ் அதை வாசிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றிவிடுவதும் உண்டு. அப்போது செட்டிங் மட்டுமல்ல, கேமில் சேமித்த முன்னேற்றமும் ரீபூட்டுக்குப் பிறகு காணாமல் போகும். அப்படி இருந்தால் செட்டிங்கைத் தேடி நேரத்தை வீணாக்காமல் முதலில் கார்டில் இருப்பதை வேறிடத்துக்கு நகல் எடுங்கள்.

மின்சாரத்தை நேராக அணைப்பதும் இதில் சேரும். எங்கள் வீட்டில் டிவி, பெட்டி எல்லாம் ஒரே ஸ்விட்சில் இருந்தன, இரவில் யாராவது அதை அணைத்துவிடுவார்கள். எமுலேஷன்ஸ்டேஷன் கேம் பட்டியலில் செய்யும் மாற்றங்களை இயல்பாக மூடும்போதுதான் எழுதுகிறது, ரெட்ரோஆர்க் கேமின் பேட்டரி சேவ் ஃபைலை (கேமுக்குள் சேமித்த முன்னேற்றம்) ஆட்டத்தை விட்டு வெளியேறும்போது எழுதுகிறது. நடுவில் மின்சாரம் போனால் இரண்டும் போச்சு. மகளின் மூன்று மணி நேர ஆட்டம் இப்படிப் போனபோது அவள் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அன்றே ரெட்ரோஆர்க்கில் அந்த சேவ் ஃபைலை இடைவெளி விட்டுத் தானாக எழுதும் செட்டிங்கை ஆன் செய்தேன், பெட்டியைத் தனி ஸ்விட்சுக்கு மாற்றினேன்.

இதே காரணத்தால், எமுலேஷன்ஸ்டேஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஃபைல்களை வெளியிலிருந்து திருத்தாதீர்கள். நீங்கள் திருத்திச் சேமித்த பிறகு, அது மூடும்போது தன் நினைவில் இருப்பதை உங்கள் வரிகள் மேலேயே எழுதிவிடும். வெளியேறு, திருத்து, மறுபடி தொடங்கு, அந்த வரிசைதான் சரி. விண்டோஸில் திருத்துபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். புதிய ஃபைலைச் சேமிக்கும்போது நோட்பேட் பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி என்று ஒட்டிவிடும், விண்டோஸ் அதை மறைத்தும் வைக்கும். பெயர் பொருந்தாததால் அந்த ஃபைல் வாசிக்கப்படவே படாது, நீங்கள் மட்டும் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

கொஞ்சம் பயமுறுத்தும் ரகம், கேமே திறக்காமல் போவது. ஒரு நின்டெண்டோ 64 கேமுக்கு வேறு எமுலேட்டரை ரன்கமாண்ட் மெனுவில் தேர்ந்தேன், அது திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. அந்தத் தேர்வு அந்தக் கேமுக்கென்று பதிந்துவிட்டதால் சிஸ்டத்தின் இயல்பு எமுலேட்டரை எதுவாக மாற்றினாலும் பயனில்லை. எமுலேட்டர் திறக்காவிட்டாலும் ரன்கமாண்ட் மெனு அதற்கு முன்பே வந்துவிடும் என்பது இங்கே கை கொடுக்கும். கேம் ஏறும்போது பட்டனை அழுத்தி உள்ளே போய், அந்தக் கேமுக்கான எமுலேட்டர் தேர்வை நீக்கு என்பதைத் தேர்ந்தால் போதும். டிவி ஏற்காத வீடியோ மோடைத் தேர்ந்து திரை கறுத்துப் போனாலும் அதே மெனுவில் வீடியோ மோடு தேர்வை நீக்கும் வரி இருக்கிறது. ஆனால் ரெட்ரோஆர்க்கின் வீடியோ டிரைவரை மாற்றி அது திறக்க மறுத்தால் மெனுவுக்கே போக முடியாது, எஸ்எஸ்எச் வழியாகப் போய் அந்த வரியைப் பழையபடி மாற்ற வேண்டும். அதனால் எஸ்எஸ்எச்சை எல்லாம் ஒழுங்காக ஓடும்போதே ஆன் செய்து, ஒரு முறை உள்ளே போய்ப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கேமில் மட்டும் எல்லா ஃபைலையும் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் சேவ் ஸ்டேட்டைச் சந்தேகப்படுங்கள். பழைய கேம்களுக்குள்ளேயே பட்டன் அமைப்பு, சத்தம் என்று சொந்த ஆப்ஷன் திரை இருக்கும். சேவ் ஸ்டேட் கேமின் மொத்த நினைவகத்தையும் படம் பிடித்து வைப்பதால், அதை ஏற்றும்போது அன்றைக்கு என்ன ஆப்ஷன் இருந்ததோ அதுவும் திரும்பி வரும். தானாக ஸ்டேட் ஏற்றும் வசதி ஆனாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் வரும். கேமுக்குள் மாற்றிவிட்டு, அந்த ஸ்டேட்டைப் புதிதாக எழுதினால் சரி.

ரெட்ரோபை போன்ற இன்னொரு தொகுப்பான பாட்டோசெராவை வைத்திருக்கும் தம்பி ஒருவன் இதைக் கேட்டுவிட்டு, அவனுக்கும் ரெட்ரோஆர்க் மெனுவில் மாற்றியது நிற்கவில்லை என்றான். அங்கே முறை வேறு. ஒவ்வொரு கேமைத் தொடங்கும்போதும் ரெட்ரோஆர்க்குக்கான செட்டிங்ஸ் ஃபைலை அது புதிதாக எழுதுகிறது. மாற்ற வேண்டியது பாட்டோசெராவின் சொந்த மெனுவில், இல்லையென்றால் அதன் பொது கான்ஃப் ஃபைலில்.

எதையும் அழிப்பதை நான் இப்போது விட்டுவிட்டேன். சந்தேகமான ஃபைலின் பெயருக்குப் பின்னால் "பழையது" என்று சேர்த்துவிட்டுக் கேமைத் திறக்கிறேன். சரியானால் அதுதான் காரணம், ஆகாவிட்டால் பெயரைத் திரும்ப மாற்றிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். ஒரு நேரத்தில் ஒரு ஃபைல்தான். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாமலே போய்விடும், அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து.

அந்த ஓவர்லே தொகுப்பு விட்டுப்போன குட்டி ஃபைல்களில் மூன்றை மட்டும், அவற்றுக்கான படங்களைத் திரும்பப் போட்டு, வைத்திருக்கிறேன். செங்குத்துத் திரைக்காகச் செய்யப்பட்ட ஆர்கேட் விமானச் சண்டை கேம்களின் ஃபைல்கள் அவை. அகலத் திரையில் படம் நடுவில் ஒல்லியாக நிற்கும்போது இருபக்கமும் வரும் சட்டகம் உண்மையிலேயே அழகாக இருக்கிறது, மகளுக்கும் பிடித்திருக்கிறது. அந்த மூன்றிலும் முதல் வரியில், ஹாஷ் குறி போட்டு, எதற்காக வைத்தேன் என்று எழுதி வைத்திருக்கிறேன்.